பச்சைக் குழந்தைக்கு எத்தனை துணி?

புரட்டாசிப் பிற்பகுதியில் தமிழ்நாட்டு வானிலை ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் காட்டிவிடும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சென்னையிலோ திருச்சியிலோ சட்டை முதுகோடு ஒட்டும். சாயங்காலம் மேகம் திரண்டு இடியும் மழையுமாகக் கொட்டும். எட்டு மணிக்கு ஜன்னல் வழியே வரும் காற்று சில்லென்று இருக்கும். நடுவில் மின்சாரம் போனால் அரை மணி நேரத்தில் அறை மறுபடி புழுங்கும். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் என்பது சராசரிக் கணக்கு. அதற்கு முன்னும் பின்னுமான இந்த வாரங்களில், பிள்ளை பெற்ற வீடுகளில் ஒரு வாக்குவாதம் ஓயாமல் நடக்கும். “பச்ச உடம்பு, காத்து பட்டா சளி புடிச்சுக்கும்” என்று பாட்டி குல்லாவும் ஸ்வெட்டரும் மாட்டுவார். “கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்துடுச்சும்மா” என்று பெற்றவள் கழற்றுவாள். இருவர் பக்கமும் உண்மை இருக்கிறது. எந்த நேரத்தில் யார் சொல்வது சரி என்பதைக் காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தையைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் பாட்டியின் பக்கம். உடம்பின் சதை சூட்டை உண்டாக்குகிறது, தோல் அதை இழக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு, எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தோல் பரப்பு. தலை மட்டுமே மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. நமக்கு அது பத்தில் ஒரு பங்குகூட வராது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும் மெல்லியது. நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கும், அந்த நடுக்கத்தில் தசைகள் சூடு உண்டாக்கும். பிறந்த குழந்தையால் அப்படி நடுங்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1997-இல் வெளியிட்ட கையேடு ஒன்று இதை ஒரே வரியில் புரியவைக்கிறது: 23 டிகிரி செல்சியஸில் துணியில்லாமல் கிடக்கும் குழந்தை இழக்கும் வெப்பம், 0 டிகிரியில் ஆடையில்லாமல் நிற்கும் பெரியவர் இழக்கும் வெப்பத்துக்குச் சமம். 23 டிகிரி என்பது பல வீடுகளில் ஏ.சி.யை வைக்கிற அளவுதான். விடிய விடிய மழை பெய்யும் இரவில் ஏ.சி. இல்லாமலே அது வந்துவிடும்.

நடுங்க முடியாத குழந்தைக்கு இயற்கை உள்ளுக்குள்ளேயே ஓர் அடுப்பை வைத்து அனுப்புகிறது. அதற்குப் பழுப்புக் கொழுப்பு என்று பெயர். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும், கழுத்தைச் சுற்றியும், சிறுநீரகங்களை ஒட்டியும் அது இருக்கும். சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர் 1551-லேயே, குளிர்காலம் முழுக்க உறங்கிக் கழிக்கும் மர்மோட் என்ற மலை விலங்கின் உடலில் இதைப் பார்த்து எழுதிவைத்தார். எதற்காக அது இருக்கிறது என்பது தெளிவாக நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1964-இல் மைக்கேல் டாக்கின்ஸ், டேவிட் ஹல் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்த முயல் குட்டிகள் குளிரைத் தாங்கச் சூடு உண்டாக்குவது இந்தக் கொழுப்பிலிருந்துதான் என்று காட்டினார்கள். வயிற்றில் சேரும் வெள்ளைக் கொழுப்பு வெறும் சேமிப்பு. பழுப்புக் கொழுப்பின் செல்களிலோ மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவற்றிலுள்ள இரும்புதான் அந்த நிறத்தைத் தருகிறது. அங்கே இருக்கும் ஒரு தனிப் புரதம், எரிபொருளிலிருந்து வரும் ஆற்றலை வேறு வேலைக்குப் போகவிடாமல் நேரே வெப்பமாக மாற்றிவிடுகிறது.

இதற்கு விலை உண்டு. எரிய ஆக்சிஜன் வேண்டும், ரத்தத்திலுள்ள சர்க்கரை வேண்டும். குளிரில் நெடுநேரம் கிடக்கும் குழந்தைக்குச் சர்க்கரை குறையும், சோர்ந்து தூங்கும், மார்பை உறிஞ்ச வலுவிருக்காது. பால் குறைந்தால் சூடு இன்னும் குறையும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கொழுப்பு போதிய அளவு சேர்ந்தே இருக்காது. 1958-இல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேனும் அவருடைய குழுவினரும் குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரின் இன்குபேட்டரை ஏறக்குறைய 29 டிகிரியிலும் மற்றதை ஏறக்குறைய 32 டிகிரியிலும் வைத்துப் பார்த்தார்கள். சூடு கூடுதலாக இருந்த பிரிவில் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் அதிகமாகப் பிழைத்தன. மருந்தில் மாற்றமில்லை, மூன்று டிகிரிதான் வித்தியாசம்.

‘அதெல்லாம் குளிர் நாட்டுக் கதை, நம் ஊர் வெயிலுக்கு என்ன?’ என்று நினைக்கக் கூடாது. நேபாளத்தின் தென்பகுதியில், நம் பீகாரை ஒட்டிய சமவெளியில் இருக்கிறது சர்லாஹி மாவட்டம். அங்கே 23,000-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் வெப்பநிலையை வீடு வீடாகப் போய் எடுத்தார்கள். 2010-இல் வெளியான முடிவுப்படி, முதல் அளவீட்டில் குறைந்த ஒவ்வொரு டிகிரிக்கும் இறப்பு அபாயம் 80 சதவீதம் கூடியிருந்தது. வெயில் மாதங்களிலும் குளிர்ந்துபோன குழந்தைகள் அங்கே இருந்தார்கள்.

காரணம் ஈரம். பனிக்குட நீரோடு பிறக்கும் குழந்தையைத் துடைக்காமல் விட்டால், முதல் பத்திருபது நிமிடங்களிலேயே உடல் வெப்பம் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடும். அந்த ஈரம் ஆவியாவதற்கான சூட்டை அந்தச் சின்ன உடம்பிலிருந்துதான் எடுக்கிறது. ஆகவே குழந்தையின் முதல் உடுப்பு சட்டையல்ல, தாயின் மார்பு. நன்றாகத் துடைத்து, நனைந்த துண்டை அப்புறப்படுத்தி, வெற்றுடம்பாகத் தாயின் மார்பில் படுக்கவைத்து, தலைக்குக் குல்லா போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். இன்குபேட்டருக்குத் தட்டுப்பாடு இருந்த கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே சனப்ரியா தொடங்கிய கங்காரு முறை இதன் நீட்சிதான். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1.8 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளிடம் இதைச் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்த உடனேயே தோலோடு தோல் அணைத்து வைத்த குழந்தைகளில், 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலை சீரான பிறகே அணைத்து வைத்த பிரிவில் 15.7 சதவீதம். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்வதற்கும் இந்தச் சூடு ஒரு காரணம். பிறந்த அன்றே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டும் வழக்கம் இன்னும் இருக்கும் வீடுகளில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும்.

இனி பெற்றவளின் பக்கம். பிறந்து சில நாட்களான, எடை நன்றாக உள்ள குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு, நம் ஊரில் அடிக்கடி நடப்பது அளவுக்கு மீறிப் போர்த்துவதுதான். பச்சிளங்குழந்தைக்கு வியர்வை குறைவாகவே சுரக்கும். போர்வையை உதைத்துத் தள்ளும் வலுவும் கிடையாது. சூட்டை வெளிவிட அதற்கு இருக்கும் பெரிய வழி தலை. அதையும் கம்பளிக் குல்லாவால் மூடிவிடுகிறோம். தாய்ப்பால் சரியாக ஊறாத மூன்றாம், நான்காம் நாளில் இப்படிப் போர்த்திவைத்தால், தொற்று எதுவும் இல்லாமலே நீர்ச்சத்து குறைந்து காய்ச்சல் வரும். உறக்கத்திலேயே நேரும் திடீர் சிசு மரணத்தை ஆராய்ந்தவர்களும் குப்புறப் படுப்பதோடு அதிகச் சூட்டையும் ஓர் அபாயமாகக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் வெளியிட்ட அறிவுரைப்படி, பிறந்த முதல் சில மணி நேரமும் மருத்துவமனைத் தீவிர சிகிச்சையும் தவிர, வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா வேண்டாம்.

அப்படியானால் எத்தனை துணி? உங்கள் புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வையுங்கள். பிறகு பாதத்தில் வையுங்கள். நம் நாட்டில் பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது. வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக, பாதம் இளஞ்சிவப்பாக இருந்தால் துணி சரியாக இருக்கிறது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால், உடம்பு சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடத் தொடங்கிவிட்டது. ஒரு துணி கூட்ட வேண்டும், அல்லது மார்போடு அணைக்க வேண்டும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் அது ஆபத்து. பிறந்த ஓரிரு நாட்களில் கை கால் லேசாக நீலம் பாரித்திருப்பது இயல்புதான், ஆனால் உதடும் நாக்கும் சிவப்பாக இருக்க வேண்டும். அடுத்து, பிடரியில் விரல் வையுங்கள். அங்கே பிசுபிசுத்தால் ஒன்றைக் கழற்றுங்கள். பகலில் இரண்டு மூன்று முறை, மழை தொடங்கியதும் ஒரு முறை, பின்னிரவில் பால் கொடுக்க எழும்போது ஒரு முறை பார்த்தால் போதும்.

கனத்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய பருத்தித் துணிகள் இரண்டு மேல். துணிகளுக்கு இடையே சிக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. வேண்டாதபோது ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம். புழுக்கமான மதியத்தில் ஒரு பருத்தி ஜப்லாவும் இடுப்புத் துணியும் போதும். மழை பிடித்ததும் மேலே ஒரு முழுக்கைச் சட்டை, தேவைப்பட்டால் கால் உறை. ஃபேனை நிறுத்த வேண்டியதில்லை, காற்று நேரே குழந்தை மேல் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. தூளியில் போட்டால் சேலை இருபக்கமும் அணைத்துக்கொள்ளும். அதையும் ஒரு துணியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குப் போடும் நம் வழக்கம் மிக நல்லது. பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் ஜிகினா வைத்த பாலியெஸ்டர் கவுனை, போட்டோ எடுத்தபின் மடித்து வைத்துவிடலாம்.

இந்தப் பருவத்தில் பலர் கவனிக்கத் தவறுவது காயாத துணி. நான்கு நாள் வெயில் இல்லாவிட்டால், கொடியில் கிடக்கும் துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், தையலிலும் மடிப்பிலும் ஈரம் தங்கியிருக்கும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத் துணி, போர்த்தியது போலத் தோன்றினாலும் குழந்தையைக் குளிர வைக்கிறது. இஸ்திரி போட்டு, ஆறியபின் உடுத்துங்கள். தடுப்பூசிக்கு டூவீலரிலோ ஆட்டோவிலோ போகும்போது முகத்தை மூடாமல் தலைக்குக் குல்லா போட்டு, அம்மாவின் மார்போடு சேர்த்து வெளியே ஒரு துண்டைச் சுற்றினால் எதிர்க்காற்று படாது. வீட்டுக்குள் வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். குளித்த தலை காய என்று சாம்பிராணிப் புகை காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். புகை அந்த நுரையீரலுக்கு ஆகாது. துவட்டினாலே தலை காயும்.

சீருக்கும் தொட்டில் போடுவதற்கும் சாமான் பட்டியல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு ஸ்வெட்டர் எழுதிய இடத்தில் ஒன்றை அடித்துவிட்டு, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் என்று எழுதுங்கள். அக்குளில் வைத்துப் பார்த்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது ஃபாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறாவிட்டாலோ, 36-க்குக் கீழே போனாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ அணைத்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள்; பச்சிளங்குழந்தைக்குத் தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சலாக அல்லாமல் குளிர்ச்சியாகத்தான் தெரியும். 37.5-ஐத் தாண்டினால் ஒரு துணியைக் கழற்றி, பால் கொடுத்து, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்துவிட்டால், அது போர்த்தியதால் வந்த சூடா, தொற்றா என்று வீட்டில் விவாதிக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.