மிதக்கும் வீடு நம் ஊர்த் துறைக்கு ஏன் வருகிறது?

மாணவர்களே, ஸ்கூடாய் ஆறு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியுமா? டங்கா பே அருகே ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. அங்கிருந்து மேற்கே போனால் இஸ்கண்டார் புத்ரியில் புத்ரி ஹார்பர் படகுத்துறை இருக்கிறது. வெள்ளைப் பாய்மரப் படகுகள் அங்கே வரிசையாக நிற்பதை வார இறுதியில் பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை போனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில படகுகளின் கம்பிகளில் துணி காயும். அவை சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகுகள் மட்டுமல்ல, வீடுகளும்கூட. சமையலறை, கட்டில், கழிவறை எல்லாம் 12 மீட்டர் நீளத்துக்குள் அடக்கம். கடல் கடக்கும் இவர்கள் மாதக்கணக்கில் தங்குவதற்கு நம் நீரிணையைத் தேடி வருவதற்கு அறிவியல் காரணம் உண்டு.

முதலில் அலை. காற்று தண்ணீரைத் தொடர்ந்து தள்ளினால்தான் அலை வளரும். அப்படித் தள்ளுவதற்குத் தடையில்லாத நீண்ட நீர்ப்பரப்பு வேண்டும். தென்சீனக் கடலில் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். நம் நீரிணையோ ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. காற்று பலமாக வீசினாலும் அலை பெரிதாவதற்குள் கரை வந்துவிடும். ஒரு சங்கடம் என்னவென்றால், இந்த நீரிணையை முழுதாகக் கடந்து போக முடியாது. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் தூண்கள் மேல் நிற்பதல்ல, கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. எனவே படகுகள் மேற்குப் பக்கமாக, 1998-இல் திறந்த இரண்டாவது பாலத்தின் அடியில் புகுந்து வந்து, அதே வழியில் திரும்புகின்றன.

அடுத்தது புயல். பெரிய காரணம் இதுதான். வெப்பமான கடல்மேல் காற்றழுத்தம் குறைந்தால், சுற்றிலுமிருந்து காற்று அந்த இடத்தை நோக்கி ஓடி வரும். பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல், வட பாதியில் வலப்பக்கம் விலகும். எல்லாப் பக்கக் காற்றும் இப்படி விலகும்போது சுழல் பிறக்கிறது. இதைக் கொரியோலிஸ் விளைவு என்கிறோம். நிலநடுக்கோட்டில் இந்த விளைவு பூஜ்யம். துருவத்தை நோக்கிப் போகப் போகக் கூடும். ஸ்கூடாய் ஏறத்தாழ 1.5 பாகை வடக்கில் இருக்கிறது. 15 பாகைக்கு அருகிலுள்ள மணிலாவில் இந்த விளைவு நம்மூரைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. (கணக்குப் போட விரும்புபவர்கள் இரு பாகைகளுக்கும் சைன் மதிப்பை எடுத்துப் பாருங்கள்.) அதனால்தான் பிலிப்பைன்ஸை ஆண்டுதோறும் அடிக்கும் புயல்கள் இங்கே உருவாவதில்லை.

'உருவாகவே உருவாகாது' என்று தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள். 2001 டிசம்பரில், ஏறத்தாழ 1.4 பாகையில், வாமெய் என்ற புயல் பிறந்தது. அது ஒரு பாடும் பறவையின் பெயராம்; பெயரைப் போல் இனிமையாக அது நடந்துகொள்ளவில்லை. டிசம்பர் 27-ஆம் தேதி ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம். நமக்குப் பக்கத்திலுள்ள குனோங் பூலாயில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் போயின. சுழற்றிவிடப் போதிய கொரியோலிஸ் விளைவு இல்லாத இடத்தில் புயல் எப்படி வந்தது? வடகிழக்குப் பருவக்காற்று பல நாள் பலமாகத் தென்சீனக் கடலின் ஒடுங்கிய பகுதியில் பாய்ந்தது. போர்னியோ பக்கம் ஏற்கெனவே ஒரு சுழல் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் தேவையான சுழற்சி கிடைத்துவிட்டது. மிக அரிதான சேர்க்கை. படகில் வாழ்பவர்கள் அன்றாடம் அஞ்சுவது இதற்கல்ல, 'சுமத்ரா' எனப்படும் திடீர்க் காற்றுக்கு. பெரும்பாலும் விடியற்காலையில், மேற்கிலிருந்து, இடிமழையோடு வரும். வேகம் சில சமயம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொடும். நங்கூரம் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வீடு நகர்ந்துவிடும்.

இனி, 'பாசாங் சூருட்' என்று பள்ளியில் படிக்கும் கடல் ஏற்றவற்றம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இங்கே நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் ஏறி இறங்கும். அசையாத மேடையில் படகை இறுகக் கட்டினால் ஆறு மணி நேரத்தில் படகு கயிற்றில் தொங்கும். அதனால் நடைமேடையையே மிதக்க விட்டு, உயரமான தூண்களில் வளையம் மாட்டி வைத்திருக்கிறார்கள். மேடையும் படகும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கரையிலிருந்து இறங்கும் பாலம் மட்டும் சில வேளை தட்டையாகவும் சில வேளை சறுக்குமரம் போலவும் இருக்கும். வற்றும் நேரத்தில் கையில் அரிசிப் பையோடு ஏறி வருபவர்களைப் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நின்றுகொண்டிருக்கும் படகும் சும்மா இருப்பதில்லை. தண்ணீருக்கடியில் வெண்கல விசிறி, எஃகுத் தண்டு. இரு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர். இது ஒரு மின்கலமேதான்! எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் கரையத் தொடங்கும். விசிறியையும் தண்டையும் காப்பாற்ற, அவற்றைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் துத்தநாகக் கட்டி ஒன்றைத் தண்டில் பொருத்துகிறார்கள். கட்டி கரையும், மற்றவை பிழைக்கும். அது தேய்ந்ததும் புதிதாக மாற்றுவார்கள். ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்த இடங்களில் துத்தநாகத்தைவிட அலுமினியக் கலவைக் கட்டி நன்றாக வேலை செய்யும். இரும்பு ஆணியில் மக்னீசிய நாடாவைச் சுற்றி வைத்தால் ஆணி துருப்பிடிக்காது என்று ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பீர்களே, அதே வேதியியல்தான்.

இந்த நீரிணையில் படகையே வீடாகக் கொண்டவர்கள் வெளிநாட்டுப் பயணிகள் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஓராங் செலத்தார் மக்கள் தலைமுறை தலைமுறையாக, கூரை வேய்ந்த சிறு படகுகளில் இங்கே குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். மின்சாரமோ துத்தநாகக் கட்டியோ அவர்களிடம் இல்லை. காற்று எழும்பினால் சதுப்புநிலக் காடுகளுக்குள் இருக்கும் சிற்றோடைகளில் படகைச் செருகிவிடுவார்கள். மரங்களின் வேர்கள் அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். மீனும் நண்டும் அங்கேயே கிடைக்கும். இன்று அவர்கள் கரையேறி, டங்கா பே பக்கம் சுங்கை தெமோன் போன்ற கிராமங்களில் வாழ்கிறார்கள். கடலை மண்ணிட்டு நிரப்பியதில் அந்தக் காடுகள் பல இடங்களில் போய்விட்டன. மீதமிருக்கும் ஓடைகளில் அவர்கள் இன்னும் வலை போடுகிறார்கள்.