ரத்தத்தை நிறுத்தாத மருந்து

சென்ற வாரம் ஹெலிகோபாக்டர் பைலோரியைப் பார்த்தோம். அல்சருக்குப் பின்னால் ஒரு கிருமி இருக்கிறது என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் நிரூபித்த பிறகு, ஆயுள் முழுக்கத் தொல்லை கொடுத்த அந்த நோயை மாத்திரையாலேயே குணப்படுத்த முடிந்தது. ஆனால் நள்ளிரவில் ரத்த வாந்தியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்குக் கிருமியைக் கொல்ல அவகாசம் ஏது? முதலில் ரத்தம் நிற்க வேண்டும்.

பெரும்பாலும் இரண்டு காரணங்களால் இப்படி நேர்கிறது. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உள்ள புண், அடியில் ஓடும் ரத்தக்குழாயை அரித்துவிடும். அல்லது, சுருங்கிப்போன கல்லீரலுக்குள் நுழைய முடியாத ரத்தம் வேறு வழி தேடி, உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடிக்கும். எண்டோஸ்கோபி செய்யும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க எந்த டாக்டருக்கும் மனம் வராது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மலிவான ஊசி இருந்தது: டிரானெக்ஸாமிக் அமிலம்.

அதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். போருக்குப் பிந்தைய வறுமையில் இருவரும் ரத்தத்தை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், பற்றாக்குறை வந்தால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார் உடாகோ. ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற இழைகள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. பிளாஸ்மின் என்ற நொதி அந்த வலையை அறுக்கும். அறுக்க விடாமல் தடுப்பதுதான் இந்த அமிலத்தின் வேலை. 1962-இல் கட்டுரை வெளியானது. பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது உடாகோவின் ஆசை. டாக்டர்கள் காது கொடுக்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து லண்டனில் ஒரு குழு காது கொடுத்தது. இயான் ராபர்ட்ஸ் தலைமையில் 40 நாடுகளில், விபத்தில் அடிபட்ட 20,211 பேரிடம் நடந்த க்ராஷ்-2 ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது: மருந்து உயிர் காத்தது. 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பதும் பிறகு தெரிந்தது. அடுத்து 20,060 தாய்மார்களிடம் நடந்த வுமன் ஆய்வும் ரத்தப்போக்கால் நேரும் மரணம் குறைவதைக் காட்டியது. அது வெளியான 2017-இல் உடாகோ இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், 98 வயதில், காலமாகியிருந்தார்.

விபத்தில் பலித்தது, பிரசவத்தில் பலித்தது, வயிற்றில் மட்டும் பலிக்காதா? பலிக்கும் என்று சொல்லச் சின்னச் சின்ன ஆய்வுகளும் இருந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 1,700 நோயாளிகள். மரணம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்றது அந்தக் கணக்கு. எனக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம் வரும். இவ்வளவு பெரிய பலனை இவ்வளவு சிறிய கூட்டம் காட்டினால், ஒன்று அது அதிசயம், இல்லையென்றால் தற்செயல்.

அதே லண்டன் குழு ஹால்ட்-இட் ஆய்வைத் தொடங்கியது. 2013 முதல் 2019 வரை, பிரிட்டன், பாகிஸ்தான், நைஜீரியா, எகிப்து, மலேசியா, நேபாளம் உட்பட 15 நாடுகளின் 164 மருத்துவமனைகளில் 12,009 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆய்வில் சேர்ப்பதற்கு ஒரு விதி உண்டு. 'இவருக்கு இந்த மருந்து கொடுக்கலாமா, கூடாதா' என்று டாக்டருக்கே உண்மையான சந்தேகம் இருக்க வேண்டும். நம் ஊரில் டாக்டர் "தெரியவில்லை" என்று சொன்னால் அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவோம். இந்த ஆய்வு முழுவதும் நின்றது அந்தத் "தெரியவில்லை"யின் மேல்தான்.

2020 ஜூனில் லான்செட் இதழில் முடிவு வந்தது. 5 நாட்களுக்குள் ரத்தப்போக்கால் இறந்தவர்கள்: மருந்து பெற்றவர்களில் 222, உப்புநீர் பெற்றவர்களில் 226. அதாவது, ஊசி போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கால், நுரையீரல் நாளங்களில் ரத்தக்கட்டு உண்டானவர்கள் மருந்து பெற்றவர்களில் 48, மற்றவர்களில் 26. வலிப்பு வந்தவர்களும் மருந்துப் பக்கமே அதிகம்.

ஏன் இப்படி? அடிபட்ட நேரம் தெரியும், பிரசவ நேரமும் தெரியும். வயிற்றில் கசிவு எப்போது தொடங்கியது என்று யார் சொல்வது? பலருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் அந்த 3 மணி நேரம் கடந்துவிடுகிறது. தவிர, ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நாளம் வெடித்த ரத்தப்போக்கு என்றே சந்தேகிக்கப்பட்டது. கல்லீரல் கெட்டவர்களுக்கு ரத்தம் கசியவும் செய்யும், கண்ட இடத்தில் உறையவும் செய்யும். இவை விளக்கங்கள்தான். எண்கள் மட்டும் விளக்கத்துக்குக் காத்திருப்பதில்லை.

இன்னொரு நம்பிக்கையும் இதேபோல் ஆட்டம் கண்டது. "இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று உறவினர்கள் கெஞ்சுவதைக் கேட்காத வார்டு இல்லை. பார்சிலோனாவின் சான்ட் பாவ் மருத்துவமனையில் 921 நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றிய குழுவில் 6 வாரம் கழித்து 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் குறைந்ததுமே ஏற்றிய குழுவில் 91 சதவீதம். தாராளமாக ஏற்றியவர்களுக்கு மறுபடி ரத்தம் கசிவதும் அதிகம். 2013-இல் வந்த இந்த முடிவு சிகிச்சை முறையையே மாற்றியது. ரத்தம் ஆறாகக் கொட்டுகிறவர்களையும் இதய நோயாளிகள் சிலரையும் இதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, டாக்டர் ஒரு ஊசியைப் போடவில்லை, ரத்தப் பையை மாட்டவில்லை என்றால் கோபப்படாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். மூட்டு வலிக்கு வாங்கிப் போட்ட மாத்திரை, ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து, எல்லாவற்றின் அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

(தொடரும்)