செக் வால்வு: மூடினால் மட்டும் போதுமா?

கிணற்றில் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால், விவசாயி முதலில் சந்தேகப்படுவது குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வைத்தான். அதன் வாஷரில் ஒரு சிறு கல் சிக்கினாலும் போதும், குழாயில் நின்ற தண்ணீர் இரவோடு இரவாகக் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் குடம் குடமாக ஊற்றிக் குழாயை நிரப்பினால்தான் பம்ப் இழுக்கும். ரசாயன ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் இருக்கும் செக் வால்வு இதே குடும்பம்தான். தொழிலில் இருப்பவர்கள் என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன் வால்வு) என்பார்கள். வெளியே ஓர் அம்புக்குறி, உள்ளே கீலில் தொங்கும் ஒரு தட்டு. அம்பு காட்டும் திசையில் திரவம் வந்தால் தட்டு எழும்பி வழிவிடும். ஓட்டம் நின்றால் தன் எடையாலேயே விழுந்து அமரும். திரும்பி வரும் திரவமே அதை மேலும் இறுக்கும். ஆளும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இந்த அருமையான குணமே, 'பொருத்தியாயிற்று, இனிக் கவலையில்லை' என்ற தவறான நிம்மதியையும் தந்துவிடுகிறது. செக் வால்வு பூட்டு அல்ல. அது தேயும், படபடக்கும், தாமதிக்கும் ஓர் இயந்திரம்.

தாமதம்தான் முதல் சிக்கல். மின்சாரம் போய்ப் பம்ப் நின்றதும், மேலே ஏறிக்கொண்டிருந்த நீர் ஒரு கணம் தயங்கித் திரும்புகிறது. தடுக்காவிட்டால் பம்பையே தலைகீழாகச் சுழற்றும். கீலில் தொங்கும் பெரிய தட்டு நெடுந்தூரம் ஆடி வந்து மூட வேண்டும். அதற்குள் பின்னோட்டம் வேகம் பிடித்துவிட்டால், தட்டு அறைந்து மூடும். 1897-98-ல் மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்த நிக்கலாய் ஜுக்கோவ்ஸ்கி, நீரடி (வாட்டர் ஹாமர்) எனப்படும் இந்த அடியைக் கணக்கிடும் வழியைக் காட்டினார். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் திரும்பும் நீரைச் சட்டென நிறுத்தினால், எஃகுக் குழாயில் அழுத்தம் 10 முதல் 12 பார் வரை எகிறும். 100 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தத்துக்குச் சமம் அது! ஆகவே வால்வு மூடுகிறதா என்பதைவிட, எப்போது மூடுகிறது என்பதே பெரிய கேள்வி. தட்டு நகரும் தூரத்தைக் குறைத்து, ஸ்பிரிங் வைத்து, நீர் திரும்பும் முன்பே மூடச் செய்யும் நாசில் வகை வால்வுகள் வந்தது இதற்காகத்தான்.

இரண்டாவது சிக்கல், கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். ஓட்டத்துக்குத் தேவையானதைவிடப் பெரிய வால்வைப் போட்டால், தட்டு முழுதாக எழும்பாமல் நடுவில் நின்று ஓயாமல் ஆடும். கீல் முளை தேயும், நட்டு தளரும். 1985 நவம்பர் 21 அன்று கலிபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலைய முதல் அலகில் மின்சாரம் தடைப்பட்டபோது, நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீர் கொண்டுபோகும் அமைப்பில் ஐந்து செக் வால்வுகள் மூடவில்லை. காலியான குழாய்களில் நீராவி புகுந்தது. பிறகு குளிர்ந்த நீர் வந்ததும் அது சட்டெனச் சுருங்க, நீரடியில் குழாயும் தாங்கிகளும் சேதமடைந்தன. உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் விசாரணையில் வெளிவந்ததுதான் அதிர்ச்சி: வால்வுகள் அன்று பழுதாகவில்லை, முன்பே பழுதாகி இருந்தன, யாருக்கும் தெரியவில்லை.

வரிசையாக இரண்டு வால்வு போட்டால் போதாதா என்று கேட்கலாம். இரண்டையும் ஒரே ஓட்டம் ஒரே விதமாகத் தேய்க்கும் என்றால், இரண்டாவது வால்வு தருவது பாதி பாதுகாப்புதான். ஐந்து வால்வுகள் ஒன்றாகக் கைவிட்டதைப் பார்த்துவிட்டோம். மோட்டார் வைத்த வால்வு? அது மெதுவாக நகரும்; மின்சாரம் போன நேரத்திலேயே அதற்கு மின்சாரம் தேவை. நன்றாக இருக்கும் வால்வுகூடச் சொட்டுக்கூட விடாது என்று நினைக்கக் கூடாது. உலோக இருக்கை கொண்ட செக் வால்வுக்கு, நீர்ச் சோதனையில் ஓர் அங்குல விட்டத்துக்கு நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் கசிவை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 598 தரநிலையே அனுமதிக்கிறது. 8 அங்குல வால்வில் அது நாளுக்கு 34 லிட்டருக்கு மேல். வெறும் தண்ணீருக்கு அது பொருட்டல்ல. ஒன்றோடொன்று சேரக் கூடாத ரசாயனங்களுக்கு நடுவே செக் வால்வை மட்டும் நம்புவது பிழை.

ஆலையை நிறுத்தித் திறந்து பார்க்கச் செலவாகும் என்பது நியாயமான தடைதான். திறக்காமலே ஒலியாலும் அல்ட்ராசவுண்டாலும் தட்டின் அசைவை அறியும் கருவிகள் இன்று இருக்கின்றன. அதற்கும் வசதியில்லை என்றால், அடுத்த ஷட்டவுனில் மூடியைக் கழற்றித் தட்டை ஒரு முறை கையால் ஆட்டியாவது பாருங்கள்.