கந்தோர் வந்த வழி

சில காலத்திற்கு முன் மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு மாணவன், அம்மம்மாவுடன் தபாற் கந்தோருக்குப் போனதைப் பற்றி எழுதியிருந்தான். 'கந்தோர்' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே 'அலுவலகம்' என்று எழுதினேன். கொப்பியை வாங்கியவன், "சேர், எங்கட அம்மம்மா அப்படித்தான் சொல்லுறவ. அது பிழையோ?" என்று கேட்டான்.

ஒல்லாந்தர் சொல் என்றேன். அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்றான். எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலை வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்ததும் அகராதிகளைப் புரட்டத் தொடங்கினேன்.

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1796 வரை நம் கரையோரத்தை ஆண்டனர். கறுவாக் கணக்கும் காணித் தோம்பும் எழுதுவதற்கு அவர்களுக்கு அலுவலகங்கள் வேண்டியிருந்தன. அவற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'கன்டோர்'. நம் நாவில் அது 'கந்தோர்' ஆயிற்று. சிங்களத்தில் 'கந்தோருவ' ஆயிற்று.

ஆனால் அவர்களும் அதைப் பிரெஞ்சிலிருந்தே பெற்றனர். பிரெஞ்சில் 'கொந்துவார்' என்பது முதலில் காசை எண்ணும் மேசை. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கும், பின்பு அறை இருந்த வணிக நிலையத்துக்கும் படர்ந்தது. ஆகுபெயர் என்று வகுப்பில் படிப்பிக்கிறோமே, அதுதான். பாண்டிச்சேரி, காரைக்கால் முதலிய தம் குடியேற்றங்களையும் பிரெஞ்சுக்காரர் இச்சொல்லாலேயே குறித்தனர். ஜேர்மன் மொழியில் 'கொன்டோர்', ரஷ்ய மொழியில் 'கொன்டோரா' என உருமாறிய இச்சொல், ஒல்லாந்தர் கப்பலேறி இந்தோனேசியாவுக்கும் போய் அங்கே இன்றும் அலுவலகத்தைக் குறிக்கிறது. வங்கியில் நாம் வரிசையில் நிற்கும் 'கவுண்டர்' இதன் ஆங்கில உடன்பிறப்பு.

இவை அனைத்துக்கும் மூலம் 'கொம்புத்தாரே' என்ற இலத்தீன் வினைச்சொல். சேர்த்துக் கணக்கிடுதல் என்பது பொருள். 'கொம்பியூட்டர்' பிறந்ததும் இதிலிருந்துதான். ஆகவே, அம்மம்மாவின் கந்தோரும் பேரனின் கொம்பியூட்டரும் ஒரு குடும்பத்துச் சொற்கள்!

என்னை அதிகம் வியக்கவைத்தது அவ்வினையின் உள்ளே இருக்கும் 'புத்தாரே' என்ற பகுதி. கொடியைக் கத்தரித்துச் சீர்செய்தல் என்று தொடங்கிய அதன் பொருள், கணக்கைச் சீர்செய்தல் என விரிந்து, கடைசியில் நினைத்தல் என்றும் ஆயிற்று. நம் 'எண்ணுதல்' என்ற சொல்லைப் பாருங்கள். காசையும் எண்ணுகிறோம், கடந்ததையும் எண்ணுகிறோம். தமிழர் இலத்தீனிடம் கடன் வாங்கவில்லை; இலத்தீன் தமிழிடமும் வாங்கவில்லை. வெவ்வேறு வழியாக நடந்தும் இரு மொழியாரும் ஓரிடத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றனர்.

'அலுவலகம்' நல்ல சொல். அதை நான் குறைகூறவில்லை. ஆனால் தொல்காப்பியர் சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் ஓர் இடம் கொடுத்தார். நானோ சிவப்பு மையைக் கொடுத்தேன். அதிலும் நான் காலையில் உண்ட பாண், கொப்பிகளை வைத்துத் திருத்திய மேசை, அவற்றைப் பூட்டிவைத்த அலமாரி, அதன் சாவி எல்லாம் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். அவற்றை நான் ஒருநாளும் வட்டமிட்டதில்லை.

மறுநாள் அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொல்லி, வட்டத்தின் பக்கத்தில் சரி அடையாளமும் இட்டேன். சிரித்துக்கொண்டு போனான். அடுத்த கட்டுரையில் 'தபால் அலுவலகம்' என்றே எழுதியிருந்தான்.