புகையில்லா விறகு அடுப்பு: தெரிவு செய்தலும் பயன்படுத்தலும்

தகனம், வெப்ப இடமாற்றம், மறை வெப்பம், சுவாசம் ஆகியவற்றை விஞ்ஞான பாடத்தில் வெவ்வேறு அலகுகளில் கற்கிறோம். இந்நான்கும் ஒரே நேரத்தில் நிகழும் இடம் ஒன்று நம் வீட்டிலேயே உள்ளது. அதுதான் விறகு அடுப்பு. ஆகவே மாணவர்களே, இப்பகுதியைப் பரீட்சைக்காக மட்டுமன்றி, உங்கள் வீட்டுச் சமையலறையை மனதில் வைத்தும் வாசியுங்கள்.

1. மலையகத்தில் இது ஏன் முக்கியம்?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். தை, மாசி மாதங்களில் சில அதிகாலைகளில் புல்லின் மீது உறைபனி படிவதும் உண்டு. ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதிகளிலும் குளிர் குறைவன்று. எனவே அடுப்பு சமைப்பதற்கு மட்டுமன்றிக் குளிர் காய்வதற்கும் தேவைப்படுகிறது.

தோட்டங்களில் கவ்வாத்து வெட்டிய பின் கிடைக்கும் மிலாறு, சவுக்கு, யூக்கலிப்டஸ் கிளைகள் என்பன விறகாகின்றன. குளிருக்குப் பயந்து கதவையும் சன்னலையும் அடைத்து, புகைபோக்கி இல்லாத லயன் காம்பராவில் அடுப்பு மூட்டும்போது புகை உள்ளேயே தங்கிவிடுகிறது. சுவரிலும் கூரைத் தகரத்திலும் படிந்துள்ள கரிப்படலமே அதற்குச் சாட்சி. அப்புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் சமைக்கும் தாய்மாரும், அவர்களின் அருகே இருக்கும் சிறு பிள்ளைகளுமாவர்.

வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சிறு பிள்ளைகளுக்கு ஏற்படும் நியூமோனியா, பெரியவர்களுக்கு ஏற்படும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய், இருதய நோய், கண்புரை என்பன இப்புகையுடன் தொடர்புடையவை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயு கிடைக்காதபோது, எரிவாயு பாவித்த பல குடும்பங்களும் விறகுக்குத் திரும்பின. ஆகவே விறகு அடுப்பு பழங்காலத்து விடயம் என ஒதுக்கிவிட முடியாது.

2. புகை என்பது யாது?

விறகு நேரடியாக எரிவதில்லை. அது மூன்று படிகளில் எரிகிறது.

முதலாம் படி: விறகிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும்.
இரண்டாம் படி: 200 முதல் 300 பாகை வரை வெப்பமேறும்போது விறகு பிரிகையடைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடும். உலர் விறகின் திணிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வாறு வெளியேறுகிறது. நாம் காணும் சுவாலை இவ்வாயுக்கள் எரிவதனாலேயே உண்டாகிறது.
மூன்றாம் படி: எஞ்சும் கரி தணலாக எரியும்.

வாயுக்கள் போதிய வெப்பமும் ஒட்சிசனும் பெற்றால் பூரண தகனம் நிகழும்.

விறகு வாயுக்கள் + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் + வெப்பம்

ஒட்சிசன் அல்லது வெப்பம் போதாவிடின் குறை தகனம் நிகழும். அப்போது காபனோரொட்சைட்டு, கரித்துகள்கள், எரியாத தார் ஆவி என்பன வெளியேறும். எனவே புகை என்பது பெரும்பாலும் எரியாமல் வீணாகும் எரிபொருள் ஆகும். புகையைக் குறைத்தால் நோயும் குறையும், விறகும் மீதமாகும்.

3. புகையில்லா அடுப்பு தொழிற்படும் விதம்

காவிச் செல்லக்கூடிய புகையில்லா அடுப்பு பொதுவாக இரட்டைச் சுவர் கொண்ட உலோக உருளையாகும். அதன் அடிப்பகுதியிலும் உட்சுவரின் மேல் விளிம்பிலும் துளைகள் உண்டு.

அடித்துளைகளால் நுழையும் காற்று முதன்மைக் காற்று எனப்படும். அது விறகை எரிக்கிறது. இன்னொரு பகுதிக் காற்று இரு சுவர்களுக்கும் இடையே சென்று, சூடாகி, அடர்த்தி குறைந்து, மேற்காவுகையால் மேலெழுந்து, மேல்துளைகளால் வெளிவருகிறது. இது துணைக் காற்று. சூடான இக்காற்று விறகிலிருந்து எழும் புகையுடன் கலந்ததும் புகையே தீப்பற்றி எரிகிறது. மேல்துளைகளைச் சுற்றிச் சிறு சுவாலைகள் தெரிந்தால் அடுப்பு சரியாகத் தொழிற்படுகிறது என்று அறியலாம்.

துணைக் காற்று குளிர்ந்த நிலையில் வந்தால் சுவாலையைக் குளிர்வித்துப் புகையை அதிகரிக்கும். அதனாலேயே இரட்டைச் சுவர் அவசியமாகிறது. மூட்டும் முதற் சில நிமிடங்களில் சுவர் சூடாகாதிருப்பதால், எந்தப் புகையில்லா அடுப்பும் தொடக்கத்தில் புகைக்கவே செய்யும்.

4. அனகி அடுப்பு

இலங்கையில் நன்கு அறியப்பட்ட மேம்படுத்திய அடுப்பு அனகி ஆகும். சிங்களத்தில் இச்சொல் பெறுமதிமிக்கது எனப் பொருள்படும். 1980களில் இலங்கை மின்சார சபையும், இன்று பிராக்டிகல் அக்‌ஷன் எனப்படும் இடைநிலைத் தொழினுட்ப நிறுவனமும் இதனைப் பரப்பின. குயவர்கள் களிமண்ணால் செய்யும் இவ்வடுப்பில் ஒரே தீயில் இரு பாத்திரங்களை வைக்கலாம். முதற் பாத்திரத்தைத் தாண்டும் சூடான வாயு ஒரு வழியினூடாக இரண்டாம் பாத்திரத்தை அடைகிறது.

மூன்று கல் அடுப்பில் விறகின் சக்தியில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதமே பாத்திரத்தைச் சேருகிறது. அனகியைச் சரியாகப் பயன்படுத்தினால் மூன்றிலொரு பங்கு வரை விறகு மீதமாகலாம். ஆனால் அனகி புகையைக் குறைக்கிறதேயன்றி முற்றாக நீக்குவதில்லை. அதற்குப் புகைபோக்கியும் இல்லை. எனவே காற்றோட்டம் அவசியம்.

5. தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

(அ) தேவை: தினமும் சோறு, கறி சமைக்க இரு பாத்திர மண் அடுப்பு பொருத்தமானது. முற்றத்தில் நீர் சுடவைக்கவும் குளிர் காயவும் உலோக அடுப்பு பொருத்தமானது.

(ஆ) பொருள்: மண் அடுப்பு மலிவானது, ஆனால் விழுந்தால் உடையும். மெல்லிய தகரம் மலையகத்தின் ஈரலிப்பில் விரைவில் துருப்பிடிக்கும். கறையில் உருக்கு நெடுங்காலம் உழைக்கும், விலை அதிகம். நாகப்பூச்சுள்ள தகர வாளியில் துளையிட்டு அடுப்பு செய்தல் கூடாது. கடும் வெப்பத்தில் நாகப் பூச்சிலிருந்து நச்சுப் புகை எழும்.

(இ) அமைப்பு: சாம்பல் தட்டு, உறுதியான கால்கள், பாத்திரத்துக்கும் விளிம்புக்கும் இடையே காற்று வெளியேற இடைவெளி என்பன இருத்தல் வேண்டும். பாத்திரம் வாயை முற்றாக மூடினால் காற்றோட்டம் நின்று புகை உண்டாகும்.

(ஈ) உயரம்: நுவரெலியாவில் வளியமுக்கம் கடல் மட்டத்தின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. எனவே அதே கனவளவுக் காற்றில் ஒட்சிசனும் குறைவு. துளைகள் சிறிதாகவோ சாம்பலால் அடைபட்டோ இருந்தால் அங்கு அடுப்பு மேலும் புகைக்கும். அங்கு நீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதிப்பதால் பருப்பு வேகவும் நேரம் எடுக்கும். மூடி போட்டுச் சமைப்பது நல்லது.

6. ஈர விறகு ஏன் கூடாது? (கணித்தல்)

வினா: 1 கிலோகிராம் பச்சை விறகில் 500 கிராம் நீர் உள்ளது. இந்நீரை 15 பாகையிலிருந்து சூடாக்கி 100 பாகையில் ஆவியாக்கத் தேவையான வெப்பம் எவ்வளவு? (நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4,200 யூல், ஆவியாதலின் தன்மறை வெப்பம் 22,60,000 யூல். முதலாவது ஒரு கிலோகிராமுக்கு ஒரு பாகைக்கும், இரண்டாவது ஒரு கிலோகிராமுக்கும் உரியது.)

விடை:
சூடாக்க: 0.5 × 4,200 × 85 = 1,78,500 யூல்
ஆவியாக்க: 0.5 × 22,60,000 = 11,30,000 யூல்
மொத்தம்: 13,08,500 யூல்

இதே வெப்பத்தால் மூன்றரை லீற்றருக்கும் அதிகமான நீரை 15 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்கலாம். அது முழுவதும் விறகை உலர்த்துவதிலேயே செலவாகிறது. அத்துடன் நீராவி சுவாலையைக் குளிர்விப்பதால் குறை தகனம் நிகழ்ந்து புகை பெருகும். எனவே மழைக்காலத்துக்கு முன்பே விறகைப் பிளந்து, மழை படாமல், காற்றுப் படும்படி அடுக்கி வைத்தல் வேண்டும். நன்கு உலர்ந்த இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும்.

7. பயன்படுத்தும் முறை

1. அடுப்பைச் சமதரையில், திறந்த வெளியில் வையுங்கள். இஸ்தோப்பில் அடுக்கிய விறகு, கொடியில் காயும் துணி என்பவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். லயத்தில் கூரை ஒன்றே; ஒரு காம்பராவில் பற்றும் தீ அடுத்தவற்றுக்கும் எளிதில் பரவும்.
2. பெருவிரல் தடிப்பான உலர்ந்த மிலாறுத் துண்டுகளை இடுங்கள். விறகு மேல்துளைகளைத் தாண்டக் கூடாது.
3. சிறு சுள்ளிகளை மேலே வைத்து, அங்கிருந்து மூட்டுங்கள். எழும் வாயு சுவாலையினூடாகச் செல்வதால் புகை குறையும்.
4. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக், உரப்பை, மருந்துப் போத்தல், வர்ணம் பூசிய பலகை என்பவற்றை எரிக்காதீர்கள்.
5. விறகைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.
6. முடிந்ததும் சாம்பல் முற்றாக ஆறிய பின்னரே அகற்றுங்கள். வெளியே ஆறியதுபோல் தோன்றும் சாம்பலுக்குள் மறுநாள் வரையும் தணல் இருக்கலாம்.

8. மிக முக்கியமான எச்சரிக்கை

புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என எண்ணுவது உயிருக்கே கேடாகும். சுவாலை அடங்கிய தணலிலிருந்து புகை வராது. ஆனால் அங்கு உண்டாகும் காபனீரொட்சைட்டு, செந்தணலிலுள்ள காபனுடன் சேர்ந்து காபனோரொட்சைட்டாக மாறுகிறது. அதை எரிக்க மேலே சுவாலையும் இல்லை. இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது.

காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் ஈமோகுளோபினுடன் இணைகிறது. அதனால் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்ல முடியாமற் போகிறது. தூங்குபவர் தூக்கத்திலேயே மயங்கி இறக்கக்கூடும். குளிருக்காகத் தணற்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துத் தூங்கியவர்கள் உயிரிழந்த சம்பவங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன.

ஆகவே அடுப்பையோ தணற்சட்டியையோ தூங்கும் அறைக்குள் ஒருபோதும் கொண்டு செல்ல வேண்டாம். வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ குளிருக்காகக் கேட்டாலும், நீர் சுடவைத்துப் போத்தலில் நிரப்பித் துணி சுற்றிக் கொடுங்கள். அடுப்பருகே தலைவலி, தலைச்சுற்று, வாந்தியுணர்வு ஏற்பட்டால் உடனே கதவுகளைத் திறந்து அனைவரையும் வெளியே கொண்டு வாருங்கள். 1990 எனும் சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.

9. நினைவிற் கொள்க

• புகை என்பது எரியாத எரிபொருள்.
• பூரண தகனத்துக்கு உலர் விறகு, போதிய காற்று, உயர் வெப்பநிலை தேவை.
• துணைக் காற்று சூடாக இருத்தல் வேண்டும்.
• தணலில் புகை இல்லை, நஞ்சு உண்டு.

10. மாதிரி வினாக்கள்

1. இரட்டைச் சுவர் அடுப்பில் காற்று மேலெழக் காரணமான வெப்ப இடமாற்ற முறை யாது?
2. அடித்துளைகள் சாம்பலால் அடைபட்டால் புகை அதிகரிப்பது ஏன்?
3. காபனோரொட்சைட்டு நச்சுத்தன்மையுடையதாக இருப்பதற்கான காரணத்தை விளக்குக.
4. 1 கிலோகிராம் உலர் விறகில் 150 கிராம் நீர் இருப்பின், மேலுள்ள கணித்தலைப் போன்று தேவையான வெப்பத்தைக் காண்க.

விடைக் குறிப்பு: (1) மேற்காவுகை. (2) முதன்மைக் காற்றுக் குறைந்து குறை தகனம் நிகழ்வதால். (3) பகுதி 8ஐப் பார்க்க. (4) 53,550 + 3,39,000 = 3,92,550 யூல். பச்சை விறகின் விடையுடன் ஒப்பிட்டு, வித்தியாசத்தை உங்கள் வீட்டாருக்கும் எடுத்துக் கூறுங்கள்.