வாழைக்காய்க்கு வந்த வாழ்வு!

வாழைக்காயைத் தோல் சீவி, உப்புப் போட்டு வேகவைத்து, கொஞ்சம் வெண்ணெய் சேர்த்து மசித்து, மேலே வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயம் நாலு வளையம். இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?

நியூயார்க், டைக்மன் தெருவில், ஒரு உசத்தியான டொமினிகன் ரெஸ்டாரண்டில் 16 டாலர். அதுவும் தொட்டுக்கொள்ளத்தான். இறாலோடு சேர்த்தால் 32. எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதோடு பக்கத்தைப் புரட்டிவிடுவது உடம்புக்கு நல்லது.

மன்ஹாட்டன் என்றதும் நமக்கு டைம்ஸ் ஸ்கொயர்தான் ஞாபகம் வரும். அங்கிருந்து 'ஏ' ரயிலில் வடக்கே அரை மணி நேரத்துக்கு மேல் போனால், கடைசிக்கு முந்தின ஸ்டேஷன் டைக்மன். படியேறி வெளியே வந்தால் இங்கிலீஷ் இளைத்துப்போய் ஸ்பானிஷ் ஆரம்பிக்கிறது. டொமினிகன் குடியரசுக்காரர்களின் பேட்டை இது. கரீபியன் கடலில் ஒரு தீவை ஹைட்டியோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கும் தேசம் அது. 1930-லிருந்து 1961-ல் சுட்டுக் கொல்லப்படும் வரை த்ருஹீயோ என்கிற சர்வாதிகாரி ஆண்டான். அவன் போன பிறகுதான் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நியூயார்க்குக்குக் கிளம்பினார்கள்.

உரிமை என்று பார்த்தால் அதற்கு முன்பே உண்டு. 1613-ல் ஒரு டச்சுக் கப்பலில் வந்து, கப்பல் திரும்பிப் போனபோது 'நான் வரலை' என்று இங்கேயே தங்கிவிட்ட ஹுவான் ரோட்ரிகஸ், ஸான்டோ டொமிங்கோவில் பிறந்தவர். மன்ஹாட்டனில் குடியேறிய முதல் வெளியூர்க்காரர். பிராட்வேயில் 159-ம் தெருவிலிருந்து 218-ம் தெரு வரை 2012-ல் அவர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் மாதம், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. என்னை அழைத்துப் போனவன் என் நண்பன். அவனை அழைத்தவர் அவன் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருக்கும் டொமினிகன்காரர். அவருடைய அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது பூர்த்தி. அக்கவுண்டன்ட், அவர் மனைவி, தம்பி, அம்மா, நாங்கள் இரண்டு பேர். ஆக ஆறு பேர்.

வாசலில் கதவை விட அகலமாக ஒருவர் நின்றார். தொப்பி கூடாது, ஸ்போர்ட்ஸ் பேன்ட் கூடாது, அடையாள அட்டை வேண்டும். பாட்டியிடமும் கேட்டார்! "இருபத்தோரு வயசு ஆயிடுச்சான்னு பார்க்கணுமில்லையா?" என்று கண்ணடித்தார். பாட்டிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இந்த மாதிரி இடங்களின் சூட்சுமம் ஒன்று சொல்கிறேன். ஒரே ஹாலுக்கு இரண்டு உத்தியோகம். எட்டு மணிக்கு அது ரெஸ்டாரண்ட்: வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, சன்னமான பாட்டு. பத்தரைக்கு மேல் விளக்கு மங்கும், ஓரமாய் நாலு மேஜை மாயமாகும், டிஜே வருவார். அப்புறம் அது லவுஞ்ஜ். சாப்பிட விரும்புகிறவன் எட்டுக்குப் போகவேண்டும். பதினொன்றுக்குப் போய் மெனு கேட்பது கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது காபி கேட்கிற மாதிரி.

சாப்பாட்டுக்கு வருவோம். மேலே சொன்ன மசித்த வாழைக்காய்க்கு மங்கூ என்று பெயர். அமெரிக்கப் பட்டாளம் 1916-லிருந்து 1924 வரை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, ஒரு சிப்பாய் இதைத் தின்றுவிட்டு 'மேன்... குட்!' என்றானாம், அதுவே மங்கூ ஆச்சாம். தம்பிக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். நம்பவேண்டாம். ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டு வந்த சமையல் அது. பெயருக்கும் அங்கேதான் வேர் இருக்கவேண்டும். வாழையும் வந்தேறிதான். 1516-ல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கேனரி தீவுகளிலிருந்து அந்தத் தீவுக்குக் கொண்டுபோனார். அதற்கும் முன்னால் வாழையின் பூர்வீகம் நம் ஆசியப் பக்கம்.

மோஃபோங்கோ என்பது அதன் முரட்டு அண்ணன். வாழைக்காயைப் பொரித்து, பூண்டும் மொறுமொறு பன்றித் தோலும் சேர்த்து மர உரலில் இடித்து, உரலோடு மேஜைக்கு வரும். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 'அது எங்களுடையது' என்பார்கள். சண்டைக்குள் நான் போகவில்லை, உரலுக்குள் போனேன். பிரமாதம்.

ஸான்கோச்சோவில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். விசேஷ நாளில் ஏழு வகை மாமிசம், மரவள்ளி, பெருவள்ளி, சேம்பு, வாழைக்காய் எல்லாம் போட்டு அண்டாவில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, தெருவே சாப்பிடுகிற குழம்பு அது. இங்கே அது காபி கப் அளவு கிண்ணத்தில், மேலே ஒரு கொத்துமல்லித் தழையோடு வந்தது. பாட்டி கிண்ணத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "மீதி எப்ப வரும்?" என்றார்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பொரித்த பாலாடைக்கட்டி உண்டு. தட்டையாக நசுக்கி இரண்டு தடவை பொரித்த வாழைக்காய் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் தேங்காய்ப்பால் விட்ட ஒரு சோறு வந்தது. அதில் பச்சைப் பச்சையாகப் பருப்பு. கடித்துப் பார்த்தால், அட, நம்ம துவரை! இந்தியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா வழியாகக் கடல் தாண்டி, டைக்மன் தெருவில் எனக்கு ஹலோ சொல்கிறது. (கொழுப்பு எதில் தாளித்தது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளவும்.)

பானையின் அடியில் பிடித்த காந்தலை அவர்கள் கொன்கோன் என்கிறார்கள். நம் வீட்டில் மாதிரியே அங்கேயும் அதற்கு அடிதடி. இங்கே அதைத் தனித் தட்டில் வைத்து ஏழு டாலர்! சுவீட்டாக வந்தது சிவப்பு பீன்ஸ் பாயசம். தேங்காய்ப்பால், பட்டை, கிராம்பு, சர்க்கரைவள்ளித் துண்டு, மேலே மிதக்கும் சின்ன பிஸ்கட். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்தான் பண்ணுவார்களாம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் கல்யாண வீடு.

பத்தே முக்கால். விளக்குகள் கண்ணை மூடின.

குடிப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் இது. பிரெஸிடென்டே என்கிற பீர், பாட்டில் மேல் வெள்ளையாகப் பனி பூத்து வரவேண்டும். 'கல்யாணப் பொண்ணு மாதிரி டிரஸ் பண்ணி' என்று கேட்பார்கள். மாமாஹுவானா என்பது மரப்பட்டை, வேர் எல்லாம் ஊறுகிற ஒரு ரம் கஷாயம். ஒயினும் தேனும் சேரும். அதற்குப் பல மகிமைகள் சொல்கிறார்கள். குடும்பப் பத்திரிகை என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

ஆனால் பதினோரு மணிக்கு மேல் உங்கள் மேஜை உங்களுடையதாக இருக்கவேண்டுமானால் ஒரு முழு பாட்டில் வாங்கியாகவேண்டும். கடையில் முப்பது டாலருக்குக் கிடைக்கிற ரம் இங்கே 275. பகல் கொள்ளை என்றேன். அக்கவுண்டன்ட் சிரித்தார். "ஸார், இது சாராயத்துக்கு விலை இல்லை. நாற்காலிக்கு வாடகை. ஆறு பேர், மூணு மணி நேரம், சனிக்கிழமை, மன்ஹாட்டன். வகுத்துப் பாருங்க." வகுத்தேன். தலைக்கு மணிக்குப் பதினைந்து டாலர் சொச்சம். கணக்குப் பிரிவுக்காரரிடம் வாதம் பண்ணக்கூடாது.

பாட்டில் சும்மா வரவில்லை. மத்தாப்பு கொளுத்தி, நாலு பெண்கள் சுமந்துகொண்டு ஊர்வலமாக வந்தார்கள். பாட்டிக்கு ஹாலே பிறந்தநாள் பாட்டுப் பாடியது. பாட்டி எழுந்து, கும்பிடுகிற மாதிரி ஏதோ செய்துவிட்டு, யாரும் எதிர்பாராமல் என்னை நோக்கிக் கை நீட்டினார்.

மெரெங்கே ஆரம்பித்திருந்தது. பயப்படாதீர்கள், உலகத்திலேயே சுலபமான டான்ஸ். இடது, வலது, இடது, வலது... நொண்டாமல் நடக்கத் தெரிந்தால் போதும். இடுப்பு தானாக வரும் என்றார்கள். எனக்கு வரவில்லை. பாட்டிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த ஹாலில் யாரும் ஓரமாக நின்று பெண்களை முறைத்துக்கொண்டிருக்கவில்லை. கை நீட்டிக் கேட்கிறார்கள். சரி என்றால் ஒரு பாட்டு. முடிந்ததும் 'கிராஸியாஸ்' சொல்லி இடத்தில் கொண்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகரவேண்டும். ஒரு பாட்டு என்பது ஒரு பாட்டுதான். அட்ரஸ் கேட்பதற்கு அட்வான்ஸ் இல்லை. தடிமனான பர்ஸ் வைத்திருந்த இரண்டு பேர் மூலையில் பாட்டிலோடு தனியாக உட்கார்ந்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக ஒரு பையன், நன்றாக ஆடத் தெரிந்த ஒரே காரணத்தால், உட்காரவே இல்லை.

அடுத்து கித்தார் கொஞ்ச ஆரம்பித்தது. பச்சாட்டா. மூன்று அடி, நாலாவதில் ஒரு தட்டு. ஹால் முழுக்க எழுந்தது. பாட்டி மட்டும் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா இதுக்கு ஆடமாட்டாங்க. எங்க வீட்டில் இந்தப் பாட்டே கூடாது" என்றார் அக்கவுண்டன்ட்.

ஏன்? த்ருஹீயோவுக்கு மெரெங்கேதான் பிடிக்கும். அதைத் தேசியச் சின்னமாக்கி வைத்திருந்தான். அவன் செத்த அடுத்த வருஷம், 1962-ல், ஹோஸே மனுவேல் கல்தெரோன் என்பவர் பச்சாட்டாவை முதன்முதலாக ரிக்கார்டு செய்தார். கிராமத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் பட்டணம் வந்தவர்களின் அழுகைப் பாட்டு. சாராயக் கடையிலும், போகக்கூடாத வீடுகளிலும் ஒலித்ததால் 'கவுரவமானவர்கள்' காதைப் பொத்திக்கொண்டார்கள். வேலைக்காரப் பெண்கள் அடுப்படியில் ரகசியமாக ரேடியோ குவாராச்சிட்டாவைத் திருப்பிக் கேட்டார்கள். 1990-ல் ஹுவான் லூயிஸ் குவெர்ரா 'பச்சாட்டா ரோஸா' என்று ஆல்பம் போட்டு கிராமி வாங்கியதும் கதை மாறியது. அப்புறம் பிராங்க்ஸ் பையன்கள் அவென்ச்சுரா என்ற பெயரில் கிளம்பி, 2002-ல் வந்த ஒரே பாட்டில் இத்தாலி, பிரான்ஸ் வரை பிடித்தார்கள். அவர்களில் ஒருவரான ரோமியோ ஸான்டோஸ் 2014 ஜூலையில் யாங்கி ஸ்டேடியத்தை இரண்டு ராத்திரி நிரப்பினார். 2019-ல் யுனெஸ்கோ பச்சாட்டாவை மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்துவிட்டது.

பாட்டிக்கு யுனெஸ்கோ பற்றிக் கவலை இல்லை. எழுபதுகளில் இங்கே வந்து, துணி பாக்டரியில் மெஷின் மிதித்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "இந்தப் பாட்டிலிருந்தும் இந்த வாழைக்காயிலிருந்தும் தப்பிக்கத்தான் ப்ளேன் ஏறினேன். இப்ப என் பிள்ளைங்க அதுக்கே காசு கொடுத்து என்னைக் கூட்டிட்டு வர்றாங்க!" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் உதடுகளைப் பார்த்தேன். பாட்டின் ஒரு வரி விடாமல் தெரிந்திருந்தது.

ஒன்றே காலுக்கு பில். சாப்பாடு 380, மற்ற பானங்கள் 110, பாட்டில் 275. அதற்கு மேல் விற்பனை வரி எட்டே முக்கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. ஆறு பேர் என்பதால் டிப்ஸ் 20 சதவீதத்தை அவர்களே போட்டுவிட்டார்கள். மொத்தம் 986 டாலர். டிப்ஸைக் குறைக்கலாமா என்று நண்பன் காதில் கேட்டான். கூடாது. 2025-ல் நியூயார்க் நகரத்தில் குறைந்தபட்ச மணிக்கூலி பதினாறரை டாலர். ஆனால் சாப்பாடு பரிமாறுகிறவருக்கு முதலாளி பதினொன்று கொடுத்தால் போதும், மிச்சத்தை டிப்ஸில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம். நம் மேஜை துடைத்த பையனின் சம்பளத்தில் நம் பங்கு அது.

அண்ணனும் தம்பியும் பில்லைப் பிடுங்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் சண்டை போட்டார்கள். பாதிப் பாதி என்று தீர்ப்பாயிற்று.

வெளியே நல்ல குளிர். பார்கள் நாலு மணி வரை திறந்திருக்கலாம் என்பதால் தெரு இன்னும் விழித்திருந்தது. மேல் மாடியில் ஒரு ஜன்னலை யாரோ படாரென்று சாத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்டுக்குப் போகிறவராக இருக்கவேண்டும். அவருக்கும் ஸ்பானிஷ்தான் தாய்மொழி. பாட்டு புரிவதால் தூக்கம் இன்னும் ஜாஸ்தி கெடும்.

பாட்டி கையில் ஒரு அட்டைப் பெட்டி. மிச்சம் வைத்த மங்கூ.

"நாளைக்குக் காலையில் சூடு பண்ணி, முட்டை பொரிச்சு, சலாமி வறுத்து வெச்சுக்கிட்டுச் சாப்பிடணும். மங்கூ காலைச் சாப்பாடு, தெரியுமா? ராத்திரியில் இதைத் தின்னுட்டு ஆடுறதுங்க, பைத்தியங்க!" என்று சொல்லிவிட்டு, டாக்ஸியில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.