நளதத்தின் விலை

பெத்தானியா என்னும் ஊரிலே, விருந்தொன்றின்போது, மரியாள் என்னும் பெண் ஓர் இறாத்தல் நளதத் தைலத்தை இயேசுநாதரின் பாதங்களிற் பூசினாள். வீடெங்கும் மணம் நிறைந்தது. இதனை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் குறைகூறினான். யோவான் எழுதிய சுவிசேஷம் தரும் செய்தி இது. தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் கூலியாயிருந்த காலம் அது. எனவே ஏறக்குறைய ஓராண்டு உழைப்பின் பயன் அத்தைலத்தில் அடங்கியிருந்ததெனலாம்.

இத்துணை விலைபெற்ற நளதம் யாது? இமயத்தில், ஏறத்தாழ 3000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் வளரும் சிறு செடியே அது. நம் வைத்தியர் அதனைச் சடாமாஞ்சில் என்பர். அதன் நிலத்தடித் தண்டைச் சடைபோல் நார் போர்த்திருத்தலின் அப்பெயர் பெற்றது. உறக்கமின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும் அது மருந்து. கூந்தல் தைலத்துக்கு மணமூட்டுவதும் அதுவே. பண்டையோரின் நளதமும் இச்செடியும் ஒன்றேயென, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சேர் வில்லியம் ஜோன்ஸ் ஆராய்ந்து எழுதினார்.

இமயத்து வேர் உரோமரை அடைந்த வழியிலே தமிழர் துறைமுகமும் ஒன்றிருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரசுச் சுவடியொன்று இன்று வியன்னாவில் உள்ளது. சேரரின் முசிறியோடு நடந்த வணிகத்தைக் கூறும் அச்சுவடி, ‘எர்மப்பொல்லோன்’ என்னும் கப்பல் ஏற்றிச்சென்ற சரக்குகளுள் 60 பெட்டி கங்கை நளதத்தையும் கணக்கிடுகின்றது.

முன்னோர் வேரை எண்ணெயில் ஊறவைத்து மணத்தை வாங்கினர்; இக்காலத்தார் நீராவியால் வடிக்கின்றனர். முறை எதுவாயினும், மணம் இருப்பது வேரிலே. மல்லிகையைக் கொய்தால் கொடி மறுநாளும் பூக்கும். நளதத்தை அகழ்ந்தாலோ செடியே போய்விடுகின்றது. அளவின்றி அகழ்ந்தமையால், 1997ஆம் ஆண்டில் அது அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்குரிய செடிகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

ஆயின் அகழ்வோரைப் பழித்துப் பயனில்லை. நேபாளத்தின் ஜும்லா, ஹும்லா போன்ற மலைப்பகுதிகளில் வாழும் வறியோர்க்கு அவ்வேரே கைக்காசு. விதை முதிர்ந்தபின் அகழ்தலும், தண்டின் ஒரு பகுதியை மண்ணிலே விட்டுவைத்தலும் செடியைக் காக்கும் வழிகளாம். அதற்கு அவர்கள் பொறுத்திருக்க வேண்டுமாயின், பொறுமைக்கேற்ற விலையும் அவர்களுக்குக் கிடைத்தல் வேண்டும்.

தைலத்தை விற்று ஏழைக்குக் கொடுக்கலாமே என்றவன், அவ்வேரைப் பனிமலையில் அகழ்ந்த ஏழையை எண்ணினானல்லன். நாமாவது எண்ணுவோமா?